கல்பாத்தி: ஓர் ஆற்றங்கரைத் தெருவின் வரலாறு

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஆற்றை ஒட்டிய ஒரு பகுதி கலைஞர்க்கும் கற்றோர்க்கும் உறைவிடமாய்ப் பெயர் பெற்றிருக்கக் காண்கிறோம். பாரிசு நகரில் சேன் ஆற்றின் இடக்கரையில், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தெருக்களில் ஓவியரும் எழுத்தாளரும் சிந்தனையாளரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தனர். இலண்டன் மாநகரில் தேம்சுக் கரையிலுள்ள செல்சிக்குக் கார்லைல் என்னும் பேரறிஞர் 1834-இல் குடிவந்து, 1881-இல் மறையுந்துணையும் ஆங்கேயே வாழ்ந்தார். நம் தமிழகத்திலோ காவிரிக்கரைத் திருவையாற்றைக் கூறினாற் போதும். வேறு சான்று வேண்டுவதில்லை.

அத்தகைய ஆற்றங்கரைத் தெரு ஒன்று நம் குடியிருப்புக்கு அண்மையிலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கல்பாத்தியே அது. ஆண்டுதோறும் ஐப்பசித் திங்களின் இறுதியில் பிள்ளைகுட்டிகளோடு தேர் காணச் செல்கிறோம். கொண்டாட்டமும் அப்பளமும் வாங்கித் திரும்புகிறோம். ஆயினும் அத்தெரு எவ்வாறு தோன்றிற்று, யார் யாரைத் தந்தது, யார் யாரைத் தடுத்தது என்பவற்றை நம் பிள்ளைகள் அறியார். நம்மிலும் பலர் அறியோம். கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலின் தோற்றத்துக்குக் கூறப்படும் ஆண்டு 1425. அக்கணக்கின்படி அறுநூறு ஆண்டுகள் நிறைந்துவிட்ட இவ்வேளையில் அவ்வரலாற்றைச் சங்க மலரில் எழுதிவைத்தல் தகும் எனக் கருதினோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து வாளையாறு கடந்து பணிநிமித்தம் கஞ்சிக்கோட்டுப் பக்கம் வந்து குடியேறிய நாம் நாள்தோறும் உணரும் அந்தக் கீழைக்காற்று இக்கணவாய் வழியே வருவது. காற்று வந்த வழியே வணிகர் வந்தனர், படைகள் வந்தன, நெசவாளர் வந்தனர், புலவரும் வைதிகரும் வந்தனர். இருப்புப்பாதையும் அவ்வழியேதான் 1862-ஆம் ஆண்டளவில் வந்தது. வாளையாறு, கோரையாறு, வரட்டாறு, மலம்புழையாறு ஆகியன கூடிக் கல்பாத்திப்புழை என்னும் பெயர் பெற்று, பாலக்காட்டு நகரைத் தழுவிச் சென்று, பறளியில் கண்ணாடிப்புழையோடு இணைந்து பாரதப்புழையாகிறது. நிளை என்று கவிஞர் போற்றுவது இதனையே. கல் நிறைந்த படுகையாதலின் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர் சிலர். வெயிற்காலத்தில் அவ்வாற்றிலே இறங்கி நின்று பார்ப்பவர்க்கு அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றும்.

சேகரிபுரத்தில் வாழ்ந்த இலக்குமி அம்மாள் என்னும் கைம்பெண் காசிக்கு யாத்திரை சென்று, அங்கிருந்து ஒரு சிவலிங்கத்தைக் கொண்டுவந்தார் எனத் தலவரலாறு கூறுகிறது. பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்து, ஆற்றங்கரையில் ஒரு கோயில் எழுப்பித்தருமாறு அவர் வேண்டினாராம். அவ்வாறு எழுந்ததே விசாலாட்சி உடனுறை விசுவநாதர் கோயில். தெருமட்டத்திலிருந்து படியிறங்கிச் செல்ல வேண்டிய பள்ளத்தில் அமைந்திருப்பதால் ஊரார் இதனைக் குண்டுக்கோயில் என்றே வழங்குவர். கோயிலின் முன் நிற்கும் கல்வெட்டு இக்கொடையைக் குறிப்பதாகக் கூறுவர். காசியிற் பாதி கல்பாத்தி என்னும் வழக்கும் இதனாலேயே எழுந்தது.

கைம்பெண்ணின் நிழலையும் மங்கலமன்று என ஒதுக்கிவைத்த சமூகத்தில், ஊரின் முதற்பெயர் ஒரு கைம்பெண்ணின் பெயராக இருப்பதை நாம் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் இத்தெருக்கள் தந்த புகழ்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால், ஆடவர் பெயர்களே நிரம்பிக்கிடக்கின்றன. பாட்டுப் பயிற்சி அடுக்களைக்கு எட்டாமல் இருந்திராது. மேடைதான் எட்டவில்லை.

தஞ்சை, மதுரைப் பகுதிகளிலிருந்து தமிழ் அந்தணர் பாலக்காட்டுக்கு வந்தமைக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. மன்னருக்கும் நம்பூதிரிகளுக்கும் பிணக்கு நேர்ந்து, கோயிற் பணிகளுக்காக அவர் தமிழரை அழைத்தார் என்பது ஒரு கதை. சோழ பாண்டிய நாடுகளில் அரசுகள் நிலைகுலைந்த காலத்தில் பிழைப்பும் பாதுகாப்பும் நாடி வந்தனர் என்பது வேறொரு கருத்து. இரண்டும் உண்மையாக இருத்தல் கூடும். புலம்பெயர்வோர்க்கு ஒரே காரணம் இருப்பது அரிது என்பதை நம்மைக்காட்டிலும் அறிந்தவர் யார்? வந்தவர் ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் தெருக்களமைத்துக் குடியேறினர். அத்தெருக்களைக் கிராமம் என்றே வழங்கினர். பாலக்காட்டைச் சூழ்ந்து 96 கிராமங்கள் என்பது மரபுவழிக் கணக்கு. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகியவை ஆற்றை ஒட்டி அடுத்தடுத்து அமைந்தவை.

ஒரு சுவரையே இருவீட்டார்க்கும் பொதுவாகக் கொண்டு, தெருவின் ஒரு முனை முதல் மறுமுனை வரை வீடுகள் ஒட்டி நிற்கின்றன. வாசலில் திண்ணை, அதன்பின் ரேழி, கூடம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என நீண்டு செல்லும் அமைப்பு. இந்தக் கட்டட முறைக்கும் இத்தெருவின் இசைக்கும் தொடர்புண்டு என்பது எம் துணிபு. ஒரு வீட்டில் விடியலில் ஒருவர் சாதகம் செய்தால் நான்கு வீட்டார் அதனைக் கேட்டே தீர வேண்டும்! ஒரு சிறுவன் மேசையிலோ திண்ணைப் பலகையிலோ தாளம் தட்டினால், எதிர்த்திண்ணையிலிருந்து ஒரு முதியவர் காலப்பிரமாணத்தைத் திருத்துவார். பள்ளிக்கூடம் என்று ஒன்றும் இல்லாமலே பயிற்சி நடந்த இடம் இது.

இவர்கள் பேசிய தமிழும் தனிச்சுவையுடையது. தண்ணீரை வெள்ளம் என்பர். போதும் என்பதற்கு மதி என்பர். அடுக்களையிலும் ஓலன், காளன், எரிச்சேரி, மொளகூட்டல் எனச் சேரநாட்டுப் பண்டங்களே ஆட்சி செய்கின்றன. மலையாளம் கலந்துவிட்டது என்று எள்ளி நகைப்போரை நாம் கண்டதுண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவதை ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டபின் அவர்கள் நகைப்பார்களாக.

இனி, இசைக்கு வருவோம். பாலக்காட்டின் இசைமரபுக்கு முதலில் நிற்கும் பெரும்பெயர் நூரணியைச் சேர்ந்த பரமேசுவர பாகவதர். 1815-இல் பிறந்த இவர் இளமையிலேயே திருவிதாங்கூர் சென்று, சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் இடம்பெற்றார். 1892 வரை வாழ்ந்தார். அனந்தராம பாகவதர், இராம பாகவதர் முதலியோர் அவருக்குப்பின் பாலக்காட்டின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றனர். கோட்டாயிக்கு அருகிலுள்ள செம்பையைச் சேர்ந்தவரும் 1896-இல் தோன்றியவருமாகிய வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலைப் பற்றி நாம் எழுத வேண்டியதில்லை. கிறித்தவராகிய ஏசுதாசைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்ட பெருந்தகை அவர் என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம். 1923-ஆம் ஆண்டு பாலக்காட்டுக்கு நல்ல ஆண்டு போலும். கே. வி. நாராயணசுவாமியும் மஞ்ஞப்பறையின் எம். டி. இராமநாதனும் அவ்வாண்டிலேயே பிறந்தனர். முன்னவர் அரியக்குடி இராமானுசையங்காரின் மாணவராகிப் பின்பு அமெரிக்காவில் கற்பிக்கவும் சென்றார். பின்னவர் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, அவசரம் என்பதையே அறியாத ஒரு பாணியைத் தமக்கென அமைத்துக்கொண்டார். இவர்களுள் பலர் கல்பாத்தித் தெருவினர் அல்லர், சுற்றுவட்டாரத்துக் கிராமத்தவர். எனினும் தேர்க்காலத்தில் இத்தெருவில் பாடுவதும், இத்தெருவார் கேட்டுத் தலையசைப்பதும் அவர்களுக்கு உரைகல்லாக இருந்தன.

இத்தெருவின் பெயரை உலகறியச் செய்தவர் மணி ஐயர். 1912-இல் பிறந்தவர். தந்தையார் சேஷம் பாகவதர் பாடகர். சாத்தபுரம் சுப்பையரிடத்தும் கல்பாத்தி விசுவநாதையரிடத்தும் மிருதங்கம் பயின்று, சிறுவனாக இருந்தபோதே செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்துச் சென்னையாரை வியக்கச் செய்தார். பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் குருகுலவாசம் செய்து தேர்ந்தார். மிருதங்கம் என்பது பாட்டுக்குத் தாளம் காட்டும் கருவி என்றிருந்த எண்ணத்தை அவர் மாற்றினார். பாடகர் எடுக்கும் ஒவ்வொரு சங்கதியையும் உடன்வாங்கி, சொல் நிற்குமிடத்தில் தாமும் நின்று, வேண்டிய இடத்தில் வாசிக்காமலே விட்டு, பாட்டை உயர்த்துவதே அவர் முறை. கேரளத்துச் செண்டை மேளங்களைக் கேட்டு வளர்ந்தமையின் சாயல் அவர் விரல்களில் இருந்ததென இசையறிஞர் கூறுவர். ஆற்றின் இக்கரையில் தமிழ்ப்பாட்டும் அக்கரையில் தாயம்பகையும் கேட்ட செவிக்கு அது வியப்பன்று. ஒலிபெருக்கியை அவர் விரும்பாதவர். 1965-இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். 1966-இல் சென்னை இசைக்கழகத்தின் சங்கீத கலாநிதி விருது, மிருதங்கக் கலைஞருள் முதலாவதாக, அவருக்கு வழங்கப்பட்டது, 1971-இல் பத்மபூஷண். 1981-இல் மறைந்தார். அவருடைய மாணவர் பாலக்காடு இரகு பிறந்த ஊர் இரங்கூன். பாலக்காடு என்பது அவருக்குப் பெயரோடு ஒட்டிவந்த ஊர். புலம்பெயர்ந்தோர்க்கு ஊர்ப்பெயர் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

கல்வித்துறையிலும் பாலக்காட்டுக் கிராமங்கள் சிறந்தன. 1866-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து 1888-இல் விக்டோரியாக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. திண்ணையில் வேதமும் கணக்கும் கற்ற பிள்ளைகள் இங்கே ஆங்கிலம் கற்றனர். மலையாள மாவட்டம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் பகுதியாதலின், சென்னைக்கு இரயிலேறினர். வழக்கறிஞராயினர், கணக்காயர் ஆயினர், எழுத்தர் ஆயினர். இலட்சுமிநாராயணபுரத்தில் 1861-இல் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் இவர்களுள் வேறுபட்டவர். கொச்சி அரசின் பணியில், காடுகளிலும் மலைகளிலும் வாழ்ந்த மக்களின் வாழ்க்கையை நேரிற் சென்று ஆராய்ந்து, 1909-இலும் 1912-இலும் கொச்சியின் குடிகளைப் பற்றி இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். பின்பு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பிக்கச் சென்றார். தீண்டாமையும் காணாமையும் நடைமுறையாக இருந்த நாளில் ஓர் அக்ரகாரத்தார் மலைக்குடியினரின் குடிசை வாயிலில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் குறிப்பெடுத்தார் என்பது சிறு செய்தியன்று. வைத்தியநாதபுரத்தில் 1915-இல் தோன்றிய வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகவும், பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். திருநெல்லாயில் தோன்றிய டி. என். சேஷனைத் தேர்தலன்று வாக்குச்சாவடிக்குச் சென்ற எவரும் மறந்திரார்.

இவ்வளவும் விழா மலர்கள் வழக்கமாக எழுதும் வரலாறு. இதனோடு நிறுத்திக்கொண்டால் மனம் நிறைவாகத்தான் இருக்கும். ஆயின் நிறுத்துதற்கில்லை.

கல்பாத்தித் தெரு எல்லார்க்கும் திறந்திருந்த தெருவன்று. ஆற்றங்கரையில் இத்தெருவைச் சூழ்ந்த வயல்களை உழுது விளைவித்தவர்கள், பனையும் தென்னையும் ஏறியவர்கள், துணி வெளுத்தவர்கள், தோல் பதனிட்டவர்கள் இத்தெரு வழியே நடத்தலாகாது என்பதே நெடுங்கால வழக்கு. பிராமணரல்லாதார் அனைவர்க்கும் ஒரே அளவான தடை இருந்ததில்லை. சிலர்க்கு வீட்டு வாசல், சிலர்க்குத் தெரு, சிலர்க்குத் தெருவின் கோடி என எல்லைகள் வகுக்கப்பட்டிருந்தன. ஈழவர்க்குத் தெருவே எல்லை. அவர்களுள் வைத்தியரும் வடமொழி வல்லாரும் இருந்தனர். கல்வியில் முன்னேறியோரும் பலர் இருந்தனர். அதனால் தடை தளர்ந்துவிடவில்லை.

1924-இல் நிலைமை மாறத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் வைக்கத்தில் கோயிற்சாலைகளை யாவர்க்கும் திறக்க வேண்டுமென்னும் அறப்போர் தொடங்கிற்று. நம் பெரியார் ஈ. வெ. இராமசாமி அங்கே சென்று சிறைப்பட்டதை அறியாத தமிழர் இலர். அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில், கோவையைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச்சாலைகளிலும், பொதுக்கிணறு குளங்களிலும், அரசு அலுவலகங்களிலும் எச்சாதியாரும் செல்லவும் பயன்கொள்ளவும் உரிமையுண்டு என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறிற்று, அரசும் அதனை அறிவித்தது. வைக்கம் வேறு அரசின் கீழ் இருந்தது. கல்பாத்தியோ சென்னை அரசின் கீழ் இருந்தது. ஆகவே சென்னையில் எழுதப்பட்ட சொல் கல்பாத்தித் தெருவில் செல்லுமா என்னும் வினா உடனே எழுந்தது.

விடை அறியும் நாள் தேர்நாளாக அமைந்தது. 1924 நவம்பரில், தேர்த்திருவிழாவின்போது, ஈழவர் சிலர் கல்பாத்தித் தெருவில் நுழைந்தனர். தெருவார் அவர்களைத் தடுத்துத் தாக்கி வெளியேற்றினர். அரசின் தீர்மானம் பொதுச்சாலைகளைப் பற்றியது. அக்ரகாரத்தாரோ தம் தெருவைக் கோயிலின் ஓர் உறுப்பாகவே கருதினர். அதிகாரிகள் அமைதி காக்கும் பெயரால் தடையாணைகளைப் பிறப்பித்தனர். தடை யாரைத் தடுத்தது? நடக்க வந்தவரைத் தடுத்தது. உரிமையை ஒரு கையால் வழங்கிய அரசு மறு கையால் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று எழுதினால் மிகையாகாது.

இதன்பின் நடந்தது இன்னும் நகைப்புக்கிடமானது, துயரத்துக்குமிடமானது. ஆரிய சமாசத்தார் பாலக்காட்டுக்கு வந்து ஈழவருள் பலரைத் தம் சமாசத்தில் சேர்த்துக்கொண்டனர். சமாசத்தில் சேர்ந்தவன் ஈழவன் அல்லன். ஆகவே அவன் தெருவில் நடக்கலாம் என்பது அவர்தம் வாதம். வேறு சிலர் பிற சமயங்களிற் புகுந்தனர். இசுலாமியரும் கிறித்தவரும் நடக்கக்கூடிய தெருவில், கோயிலின் தேவரையே வணங்கும் இந்து நடத்தலாகாது. அவன் சமயம் மாறினால் நடக்கலாம்! இந்த விந்தையைத் தெருவார் காணாமல் இருந்திருக்க இயலாது. எனினும் வழக்கம் என்பது கண்ணுக்கு மேல் இமைபோல் மூடிக்கிடந்தது.

அதே கல்பாத்தியில் வேறொரு குரலும் எழுந்தது. வழக்கறிஞர் டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தவர். சாதி கடந்து உடனிருந்து உண்டமைக்காகத் தம் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்பட்டார். விலக்கப்பட்டவர் வருந்தி ஒடுங்கிவிடவில்லை. 1923-இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தைத் தொடங்கி, தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளையும் பிற சாதிப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ்த் தங்கவைத்துக் கற்பித்தார். துணைவியார் ஈசுவரி அம்மாளும் அப்பணியில் உடனின்றார். காந்தியடிகள் அவ்வாசிரமத்துக்கு வருகை தந்தார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து பையனூர் நோக்கிச் சென்ற தொண்டர் அணியைக் கிருஷ்ணசுவாமி ஐயரே நடத்திச் சென்றார். கல்பாத்தியின் புகழ்பெற்ற மக்கள் யாவர் என்று கேட்டால் நாம் மிருதங்கத்தையும் பாட்டையும் சொல்கிறோம். இவர் பெயரைச் சொல்வோர் சிலரே. எம்மைக் கேட்டால், மணி ஐயருக்கு அடுத்த இடத்தை இவருக்கே தருவோம். மணி ஐயருக்கு முன்னதாகத் தருவதற்கும் சிலர் உடன்படுவர்.

திருவிதாங்கூரில் 1936-இல் கோயில்கள் திறக்கப்பட்டன. மலையாள மாவட்டத்துக்கு 1938-இல் ஒரு கோயில் நுழைவுச் சட்டமும், மாகாணம் முழுமைக்கும் 1947-இல் ஒரு சட்டமும் வந்தன. தெருவில் நடப்பதற்கே அடிபட்டவர் மக்கள், அடுத்த தலைமுறையில் குண்டுக்கோயிலின் படியிறங்கி விசுவநாதரைக் கண்டனர். இன்று தேரின் வடம் பிடிக்கும் கூட்டத்தில் யார் எவர் என்று கேட்பாரில்லை. கேட்பாரில்லாத இந்நிலை தானே வந்ததன்று, அடிபட்டுப் பெற்றது.

இசையைப் பற்றிப் பெருமையாக எழுதினோமே, அதற்கும் இதே கதையின் ஒரு கிளையுண்டு. மிருதங்கத்தின் உடல் பலாமரம். வாய்க்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும். இழுத்துக்கட்டும் வாருக்கு எருமைத்தோல். புலால் மறுத்த தெருவின் தலைசிறந்த ஒலி தோலிலிருந்து பிறந்தது. தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டுக்கட்டி, கருஞ்சாதம் ஏற்றி, ஓசை பிறக்கும்வரை தேய்த்துத் திருத்துவது பெருங்கலை. மணி ஐயர் இதனை நன்கறிந்தவர். தஞ்சையில் வாழ்ந்த காலத்தில் பர்லாந்து என்னும் தலித் கிறித்தவக் கைவினைஞரோடு பல்லாண்டுகள் இணைந்து, எந்தத் தோல், எவ்வளவு கனம், எத்தகைய நாதம் என ஆராய்ந்துகொண்டே இருந்தார். இக்கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு தனிநூலாகவே எழுதியிருக்கிறார். நம் பாலக்காட்டை அடுத்த பெருவெம்பிலும் தலைமுறைகளாக மிருதங்கம், மத்தளம், செண்டை முதலிய தோற்கருவிகளைச் செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. கச்சேரி அறிவிப்புகளில் பாடகர் பெயர், பிடில், மிருதங்கம், கடம் எனப் பெயர்கள் வரிசையாக வரும். கருவி செய்தவர் பெயர் வந்து நாம் கண்டதில்லை. நம் சங்க விழா அழைப்பிதழிலும் இல்லை.

சுதந்தரத்துக்குப் பின் கல்பாத்தியின் வாழ்வு விரைந்து மாறியது. தெருவின் ஓய்வுக்கும் இசைக்கும் கல்விக்கும் அடித்தளமாக இருந்தது நெல்வயலின் குத்தகை வருவாய். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் உருவாயிற்று. மறு ஆண்டு பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. 1957-இல் அமைந்த அமைச்சரவை நிலச்சீர்திருத்தத்தைக் கையிலெடுத்தது. பாலக்காட்டு அக்ரகாரத்தில் பிறந்த ஒருவர் அவ்வமைச்சரவையில் சட்டத்துறையைத் தாங்கினார் என்பதை முன்னரே கண்டோம். வரலாறு சில வேளைகளில் நாடக ஆசிரியனைக்காட்டிலும் துணிவுடையது. பல தடைகளுக்குப் பின், 1970 சனவரி முதல் நாளிலிருந்து குத்தகைமுறையே ஒழிந்தது. உழுதவர்க்கு நிலம் கிடைத்தது. திண்ணையில் அமர்ந்து நெல் வரவு பார்த்தவர்கள் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்னைக்கும், பின்னர்க் கடல் கடந்தும் சென்றனர். ஆயினும் அதற்கு முன்பே பலர் சென்றுவிட்டிருந்தனர். சட்டம் எஞ்சியோரை விரைவுபடுத்திற்று என்பதே சரி. தாத்தாவின் நிலம் போயிற்று எனப் புலம்பும் குரலை இன்றும் கேட்கலாம். அந்நிலத்தில் சேற்றில் நின்றவரின் பேரனும் இன்று நம்மோடு அதே தொழிற்சாலையில் பணிபுரிகிறான் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இவ்விடத்தில் இடுக்கி மலைகளில் வாழும் நம் உறவினரையும் நினைக்கிறோம். போடிமெட்டு வழியே மூணாறு ஏறியவர்கள் தேயிலைத் தோட்டங்களில் வரிசைவீடுகளில் வாழ்ந்தனர். அரசன் அளித்த நிலமோ, தெருவோ, தேரோ அவர்களுக்கு இல்லை. இருவரும் தமிழர், இருவரும் மலைகடந்து கேரளம் புகுந்தவர். ஒருவர் வரலாறு கல்வெட்டில் தொடங்குகிறது, மற்றவர் வரலாறு கங்காணியின் கணக்கேட்டில் தொடங்குகிறது. அதனைத் தனியே எழுதவேண்டும். அடுத்த மலருக்கு மூணாற்று அன்பர் எவரேனும் முன்வருவாராக.

ஆற்றையும் கூறாமல் விடலாகாது. மலம்புழை அணை 1955-இல் முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்டது. பாலக்காட்டு வயல்கள் செழித்தன. கல்பாத்திப்புழையோ ஆண்டின் பெரும்பகுதி மெலிந்துபோயிற்று. கோரைப்புல்லும் குப்பையும் படுகையை மூடின. இது செத்த ஆறு என்று பலர் முடிவு செய்திருந்த வேளையில், 2018 ஆகஸ்டில் அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது வெள்ளம் கரைகடந்து பாய்ந்தது. ஆற்றின் இடத்தை ஆறு மறக்கவில்லை.

இன்று கல்பாத்தி அரசால் பாரம்பரியக் கிராமமாகப் போற்றப்படுகிறது. வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன. சில விருந்தினர் இல்லங்களாகிவிட்டன. சிலவற்றில் முதியோர் இருவர் தனித்து வாழ்கின்றனர். ஆயினும் ஐப்பசி இறுதியில் கொடியேறிவிட்டால் பூட்டுகள் திறக்கின்றன. விழாவை ஒட்டி இசைவிழாவும் நடைபெறுகிறது. விசுவநாதர் கோயில், புதிய கல்பாத்தியின் மந்தக்கரை மகாகணபதி கோயில், பழைய கல்பாத்தியின் இலட்சுமிநாராயணப் பெருமாள் கோயில், சாத்தபுரத்துப் பிரசன்ன மகாகணபதி கோயில் ஆகிய நான்கிலிருந்தும் தேர்கள் புறப்படுகின்றன. முன்னே மக்கள் வடம் பிடிக்க, பின்னே யானை நெற்றியால் முட்டித்தள்ளும் காட்சி நம் சோழநாட்டுத் தேர்களிலும் காண்டற்கரியது. மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் ஒன்றுகூடுவதைத் தேவரத சங்கமம் என்பர்.

இவ்வாண்டு செல்லும் அன்பர்கள் ஒலவக்கோட்டுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்வது நலம். தெருவுக்குள் வண்டிகளுக்கு இடமிராது. பகலிலேயே சென்று, கோயிலின் முன்னுள்ள கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மதிய வேளையில் அகத்தேத்தறைக்குச் சென்று சபரி ஆசிரமத்தைக் கண்டுவர நேரமிருக்கும். தொலைவு சில கிலோமீட்டரே. சங்கமம் முடிந்து கூட்டம் கலைய இரவு நெடுநேரம் ஆகும். கஞ்சிக்கோட்டுப் பக்கம் பேருந்தில் திரும்புவோர் கடைசி வண்டியின் நேரத்தை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்க.